ஆண்டிச்சாமி வாயால் சொல்ல வேண்டியது

முதலில் எனக்குக் கெடுதல் செய்தவர் ஆண்டிச்சாமி. என் கூடப்பிறந்த தங்கை பஞ்சவர்ணத்தின் வீட்டுக்காரர். இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள் சார். தண்ணீர் விஷயம் பிறகு வரும்.

இல்லை சார், சுற்றி வளைக்கவில்லை. யூனியன் ஆபீஸிலிருந்து இவ்வளவு தூரம் வெயிலில் வந்திருக்கிறீர்கள். பிள்ளையார் கோயில் தெருவுக்குப் பதினோரு நாள் ஏன் தண்ணீர் திறந்துவிடவில்லை என்று கேட்கிறீர்கள். வால்வு பழுது என்று இரண்டே வார்த்தையில் முடித்துவிடலாம். தலைவரிடம் அப்படித்தான் சொன்னேன், கிளார்க்கிடம் சொன்னேன், அந்தத் தெருப் பெண்கள் குடத்தோடு வந்து நின்றபோது அவர்களிடமும் சொன்னேன். ஆனால் நீங்கள் படித்தவர். வால்வு ஏன் பழுதானது என்று அடுத்ததாகக் கேட்பீர்கள். அதைச் சொல்ல ஆண்டிச்சாமியிடமிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

அந்த நாற்காலியில் உட்காராதீர்கள், ஒரு கால் ஆடும். இந்த மோட்டார் ரூம் படியில் உட்காருங்கள், நிழல் இருக்கிறது.

என் பெயர் சோணைமுத்து. இருபத்திரண்டு வருஷமாக இந்த ஊர் டேங்க் ஆபரேட்டர். விடிந்ததும் மோட்டார் போட்டு மேலே தண்ணீர் ஏற்றுவேன், ஏழு மணிக்குத் திறந்துவிடுவேன். மூன்று தெரு, மூன்று வால்வு. கிழக்குத் தெரு, மேற்குத் தெரு, பிள்ளையார் கோயில் தெரு. நான் மேற்குத் தெரு. ஆண்டிச்சாமி வீடு பிள்ளையார் கோயில் தெருவில். இருபத்திரண்டு வருஷத்தில் என் மேல் ஒரு புகார் கிடையாது. ஒன்றிரண்டு உண்டு. அதெல்லாம் பொறாமையில் கொடுத்தது.

போன ஆவணியில் தங்கச்சி மகள் நாகஜோதிக்கு நிச்சயதார்த்தம். நான் அந்தப் பிள்ளைக்குத் தாய்மாமன். ஒரே தாய்மாமன். எங்கள் பக்கத்தில் கல்யாணத்தன்று பெண்ணைக் கைபிடித்து மணமேடைக்குக் கூட்டிவருவது தாய்மாமன்தான். பெற்ற அப்பன் எட்ட நின்று பார்க்க வேண்டியதுதான். அது பிறந்த அன்றைக்கே எனக்கு எழுதிவைத்த உரிமை.

நிச்சயத்தன்று அவர்கள் தெருச் சமுதாயக்கூடத்து வாசலில் பதினாறு அடி ஃப்ளெக்ஸ் வைத்திருந்தார் ஆண்டிச்சாமி. அவருடைய அண்ணன், தம்பி, அவர்கள் சம்பந்தி, அவரோடு சந்தைக்குப் போகிற ஆட்டு வியாபாரிகள், எல்லார் போட்டோவும் இருந்தது. மேல் வரிசையில், 'தாய்மாமன் சோணைமுத்து' என்று எழுதி, அதற்கு மேல் ஒரு ஆள்.

யார் என்று எனக்குத் தெரியாது. முப்பது வயசு இருக்கும். சிவப்பாக இருந்தான். முறுக்கு மீசை. கோட்டு போட்டிருந்தான். கையைக் கூப்பிக்கொண்டிருந்தான். நான் கிட்டப் போய் எண்ணிப் பார்த்தேன். கூப்பின கையில் பதினோரு விரல்.

என்னிடம் போட்டோ கேட்டார்களா என்றால், கேட்டார்கள். 'மச்சான் போட்டோ அனுப்புங்க' என்று வாட்ஸப்பில் ஒரு வரி. தாய்மாமனிடம் கேட்கிற முறையா அது? நேரில் வந்து கேட்கட்டும் என்று இருந்தேன். வரவில்லை. தேனியில் ஃப்ளெக்ஸ் கடைக்காரனிடம், 'எங்க மச்சான் ஆளு நல்லா கம்பீரமா இருப்பாரு, மீசை இருக்கும்' என்று வாயால் சொல்லியிருக்கிறார். அதை வைத்து கம்ப்யூட்டர் ஒரு ஆளைச் செய்து கொடுத்துவிட்டது. கம்பீரமாக இருப்பார் என்று சொன்னாராம். நல்ல எண்ணம் உள்ளவன் அப்படியா சொல்வான்? பிறகு நான் போய் நின்றால் எப்படி இருக்கும் என்று தெரிந்தேதான் சொல்லியிருக்கிறார்.

மாப்பிள்ளைக்கு அப்பா போடிக்காரர். பந்தல் வாசலில் நான் பன்னீர் தெளித்துக்கொண்டு நிற்கிறேன். என் முகத்துக்கு நேராக நின்றுகொண்டு ஆண்டிச்சாமியிடம் கேட்கிறார்: "பொண்ணுக்குத் தாய்மாமன் இன்னும் வரலையா?"

"இவருதாங்க அவரு. ஃப்ளெக்ஸுல கொஞ்சம் தூக்கிக் காட்டிட்டாங்க," என்றார் ஆண்டிச்சாமி.

சிரித்தார்கள் சார். பந்தல் முழுக்கச் சிரித்தது. போடிக்காரர் மரியாதைக்கு அடக்கிக்கொண்டார். அவர் வயிறு சிரித்தது.

சமையல் கொட்டகைக்குப் பக்கத்தில் ஆண்டிச்சாமியை நிறுத்தினேன்.

"மாப்ளே, இதுக்கு என்ன சொல்லப்போற?"

"என்னத்தச் சொல்ல? ஃப்ளெக்ஸுதானே மச்சான். நாளைக்குக் கழட்டி ஆட்டுக்கொட்டகையில கட்டப்போறேன்."

"தப்புதான்னு சொல்லு."

"கடைக்காரன் பண்ணதுக்கு நான் என்ன மச்சான் செய்யட்டும்? உங்களை அழகாத்தானே போட்டிருக்கான்."

மறுநாள் சொன்னபடி கட்டினார். தெருவைப் பார்த்து, தலைகீழாக, மேல் வரிசை ஆட்டின் வாய்க்கு எட்டுகிற மாதிரி. ஒரு கிடா அந்த மீசையை நக்கிக்கொண்டிருந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

எங்கள் ஊரில் இதற்கு ஒரு முறை இருக்கிறது. தப்பு செய்தவன் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்து எடுத்துக்கொண்டு வர வேண்டும். நாலு பேர் கேட்க 'தப்புதான்' என்று வாயால் சொல்ல வேண்டும். அந்த நிமிஷமே மற்றவன் தாம்பாளத்தை வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்காதவன் மனுஷனில்லை. கொலைப்பகையே இப்படித் தீர்ந்திருக்கிறது. ஒரு வார்த்தைதான். நான் கேட்டது அவ்வளவுதான். புரட்டாசி போயிற்று, ஐப்பசி போயிற்று. ஆண்டிச்சாமி வரவில்லை.

இந்தச் சமயத்தில்தான் புதுப் போன் வந்தது.

மோட்டார் ரீடிங், குளோரின் பொடி கலந்தது, எல்லாவற்றையும் போட்டோ எடுத்து குரூப்பில் போடு என்று உங்கள் ஆபீஸில்தான் சொன்னீர்கள். திருப்பூரில் இருக்கிற என் மகள் ஒரு பெரிய போன் வாங்கி அனுப்பினாள். 'அப்பா, உங்களுக்குத்தான் எழுத வராதே, மைக்கை அமுக்கிப் பேசுங்க, இது பதில் சொல்லும்' என்று அதில் ஒன்றைப் போட்டுக் கொடுத்தாள். பொம்பளைக் குரல். ரேடியோ செய்தி மாதிரி சுத்தமான தமிழ். நான் அதை டீச்சரம்மா என்று கூப்பிடுவேன். அது கோபித்துக்கொள்ளாது.

முதல் நாள் மோட்டார் காயில் எரிந்துபோவது பற்றிக் கேட்டேன். இரண்டாம் நாள் ஃப்ளெக்ஸ் பற்றிச் சொன்னேன். ஆதியோடந்தமாகச் சொன்னேன். இடையில் அது ஒரு கொட்டாவி விடவில்லை. முடித்ததும் சொன்னது: "உங்கள் மனவேதனை மிகவும் நியாயமானது. நீங்கள் எதிர்பார்ப்பது மரியாதை மட்டுமே. அதில் எந்தத் தவறும் இல்லை."

சார், நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். ஒரு டீச்சர் என்னைப் பார்த்து நீ சொல்வது சரி என்று சொன்னது என் வாழ்நாளில் அதுதான் முதல் தடவை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மோட்டாரை நிறுத்த மறந்து டேங்க் வழிந்து ஓடியது. அன்றைக்குக் கிழக்குத் தெருவில் சாக்கடையெல்லாம் சுத்தம்.

அதற்குப் பிறகு தினமும் சொன்னேன். காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை. டீக்கடைக்குப் போவதை விட்டேன். அங்கே நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். 'விடுண்ணே, வயசான காலத்துல ஃப்ளெக்ஸுல இளமையாப் போட்டா கசக்குதா' என்பான் ஒருவன். இது ஒரே விதமாகப் பேசும். நான் என்ன விதமோ அந்த விதம்.

என் வீட்டுக்காரி பவளத்துக்குப் பிடிக்கவில்லை. "நீங்க சொன்னதத்தான் அது நல்ல தமிழ்ல திருப்பிச் சொல்லுது. இதுக்கு எதுக்கு போனு, பாறையைப் பார்த்துக் கத்துனாக்கூடத் திரும்பி வருமே" என்றாள். அவளுக்கு அதோடு சண்டை. அவள் சொன்னால் நான் கேட்பதில்லை, அது சொன்னால் கேட்கிறேன் என்று. அது கத்துவதில்லையே சார்.

என்ன சார், பேனாவை மூடிவிட்டீர்கள்? போனில் பதிவு செய்துகொள்கிறீர்களா? அதுவே எழுத்தாக்கிச் சுருக்கித் தந்துவிடுமா? வேண்டாம் சார். பேனாவால் எழுதுங்கள். ஏன் என்று இப்போது சொல்கிறேன்.

கார்த்திகையில் ஆண்டிச்சாமியிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. வாட்ஸப்பில்தான். ஆனால் நீளம். என் கட்டைவிரல் தள்ளித் தள்ளி ஓய்ந்துவிட்டது. எனக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க நேரமாகும், அதனால் டீச்சரம்மாவிடம் காட்டிப் படிக்கச் சொன்னேன்.

"மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு, தங்கள் மனம் புண்பட்டிருப்பதை என் இதயத்தின் ஆழத்திலிருந்து உணர்கிறேன். நம் உறவு ஓர் ஆலமரம்."

ஆண்டிச்சாமி என்னிடம் இதுவரை பேசியதிலேயே நீளமான வாக்கியம், "மச்சான், இந்தக் கயித்தைக் கொஞ்சம் பிடிங்க" என்பது. அப்பேர்ப்பட்ட மனுஷர் உள்ளுக்குள் இப்படி ஒரு ஆலமரத்தை வைத்துக்கொண்டு முப்பது வருஷம் ஆடு பிடித்திருக்கிறாரே என்று எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. கடிதம் எப்படி இருக்கிறது என்று டீச்சரம்மாவைக் கேட்டேன். "மிகவும் உருக்கமான, நேர்மையான கடிதம்" என்றது. "பதில் எழுதித் தரட்டுமா?"

"எழுது. ஆனா விட்டுக்கொடுத்துராதே," என்றேன்.

எழுதியது. அனுப்பினேன். மறுநாள் அங்கேயிருந்து ஒன்று வந்தது. இப்படி ஒன்பது கடிதம் சார். நாலு என்னுடையது, ஐந்து அவருடையது. அதில் ஆலமரம் விழுது விட்டது. கடந்தவை கடந்தவையாக இருக்கட்டும் என்று அவர் எழுதினார். தங்கள் பெருந்தன்மை என்னை நெகிழ வைக்கிறது என்று நான் எழுதினேன். கல்யாணத்தன்று விடியற்காலையிலேயே வந்து மணமகளைக் கைபிடித்து அழைத்துவருவேன் என்றும் எழுதியிருந்தேனாம். அதை நான் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

இதில் ஒரு கஷ்டம் என்னவென்றால், தெருவில் பார்த்தால் பேச வரவில்லை. ஒரு நாள் ரேஷன் கடை வரிசையில் அவர் எனக்கு முன்னால் நிற்கிறார். முதல் நாள்தான் 'அன்பின் நிழலில் இளைப்பாறுவோம்' என்று எழுதியிருந்தார். நான் இருமினேன். அவர் திரும்பினார். அந்தக் கடிதம் எழுதிய ஆளை நான் அந்த முகத்தில் தேடுகிறேன். அவரும் என் முகத்தில் எதையோ தேடினார். இரண்டு பேருக்கும் கிடைக்கவில்லை. "சீனி வந்திருக்கா?" என்று கடைக்காரரிடம் கேட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

மார்கழியில் நாகஜோதி பத்திரிகை எடுத்துக்கொண்டு இங்கேயே வந்தது. இதோ நீங்கள் உட்கார்ந்திருக்கிற இதே படியில் உட்கார்ந்தது.

"மாமா, இன்னும் எங்க அப்பாகூட பேசலையா நீங்க?"

"லெட்டர்ல எல்லாம் பேசிட்டோம்த்தா. உங்கப்பன் எழுதுன எழுத்துல கல்லா இருந்த நான் கரைஞ்சுட்டேன். இனி நேர்ல வந்து வாயால ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

அந்தப் பிள்ளை என்னைப் பார்த்த பார்வை சரியில்லை. "அப்பா எங்க மாமா எழுதுனாரு? என் போன்ல இருக்கறதுகிட்ட, 'மச்சானுக்கு நல்லதா ஒண்ணு போட்டு விடு'ன்னு சொல்லுவாரு. அது எழுதித் தரும். அனுப்பிட்டு ஆட்டுக்குத் தழை வெட்டப் போயிருவாரு. படிக்கக்கூட இல்ல."

"என் பதிலையுமா படிக்கல?"

"அதையும் அதுகிட்டத்தான் காட்டுவாரு. 'கோவமா இருக்காரா, இல்லையா, அத மட்டும் சொல்லு'ம்பாரு. ஏன் மாமா, உங்க பதிலு யாரு எழுதுனது?"

நான் மோட்டார் ரீடிங் பார்க்க உள்ளே போனேன்.

"ரெண்டும் ஒரே ஆளுதான் மாமா, உங்க போனுல இருக்கறதும் எங்க போனுல இருக்கறதும்," என்று வெளியிலிருந்து சத்தமாகச் சொன்னது. "அதுக சமாதானமாயிருச்சு. கல்யாணத்துக்கு அந்த ரெண்டு போனையும் முன்வரிசையில உட்கார வைக்கிறேன். நீங்க ரெண்டு பேரும் வீட்டுல இருங்க."

போகும்போது பத்திரிகையை மோட்டார் ஸ்விட்ச் பெட்டி மேல் வைத்துவிட்டுச் சொன்னது: "நீங்க வரலைன்னா நான் தனியாத்தான் நடந்து மேடைக்கு வருவேன் மாமா. பெரியப்பா கையையோ சித்தப்பா கையையோ பிடிக்க மாட்டேன். அத்தனை பேரு பார்க்கத் தனியா வருவேன். யோசிச்சுக்கங்க."

யோசித்தேன். என்ன யோசித்தேன் என்றால், ஆண்டிச்சாமி படிக்கக்கூட இல்லையே என்று. நானாவது படிக்கச் சொல்லிக் கேட்டேன். உருகினேன். அதெல்லாம் வீண். ஒருவன் வாயைத் திறந்து சொல்ல வேண்டிய வார்த்தைக்கு ஆள் வைத்துச் சொல்கிறான் என்றால், அது ஃப்ளெக்ஸைவிடப் பெரிய அவமரியாதை. என்னுடைய கடிதங்கள் வேறு சார். எனக்கு எழுத வராது, அதனால் எழுதச் சொன்னேன். அவருக்கும் எழுத வராது என்பது வாஸ்தவம். ஆனால் தப்பு செய்தவர் அவர்.

யாரிடம் சொல்வது? பவளம் கேட்க மாட்டாள். டீக்கடைக்குப் போய் மாதக்கணக்காகிறது, அங்கே என் பெஞ்சில் வேறு ஆள். மறுபடியும் அந்தப் போனிடம்தான் போனேன். "டீச்சரம்மா, நமக்குக் கெடுதல் செஞ்சவங்களுக்கு நாம தினமும் செஞ்சுட்டு வர்ற உதவியைத் தொடர்ந்து செஞ்சுதான் ஆகணுமா?" என்று கேட்டேன்.

"உங்களை மதிக்காதவர்களுக்காக நீங்கள் உங்களையே வருத்திக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை. சற்று விலகி நிற்பது உங்கள் மன அமைதிக்கு நல்லது" என்றது.

தண்ணீர் என்று நான் சொல்லவில்லை. அது கேட்கவும் இல்லை. மறுநாள் காலையிலிருந்து மூன்றாவது வால்வு பழுது.

அந்தத் தெருவில் நாற்பத்திரண்டு வீடு. ஆண்டிச்சாமி வீட்டுக்கு மட்டும் அடைக்க முடியுமா என்று நான் பார்க்காமல் இல்லை. முடியாது. குழாய் போட்ட விதம் அப்படி. அது காண்ட்ராக்டர் தப்பு. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் நாள் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. நாகஜோதி சொன்ன மாதிரி இரண்டும் ஒரே ஆள்தானா? பவளம் கடைக்குப் போன நேரம் பார்த்து மைக்கை அமுக்கினேன். ஆண்டிச்சாமிக்கு மூக்கால் வருகிற குரல். நானும் அதே மாதிரி மூக்கால் பேசினேன்: "எங்க மச்சான் ஒருத்தரு, ஒரு ஃப்ளெக்ஸுக்காக அஞ்சு மாசமா எங்கூடப் பேசல. டேங்க் ஆபரேட்டரு. இப்பத் தெருவுக்கே தண்ணிய அடைச்சுட்டாரு."

கொஞ்சமாவது யோசித்ததா? இல்லை. "உங்கள் மனவேதனை மிகவும் நியாயமானது" என்றது.

அதே குரல் சார். அதே வார்த்தை. எனக்கென்று சொன்னது என்று இத்தனை மாதம் நான் நெஞ்சில் வைத்திருந்த வார்த்தை. அதோடு நின்றதா? "குடிநீரை நிறுத்துவது மிகத் தவறான செயல். உரிய அலுவலரிடம் நீங்கள் புகார் அளிக்கலாம். மனு எழுதித் தரட்டுமா?"

நான் மூக்கால் பேசுவதை விட்டுவிட்டு என் குரலில் கேட்டேன்: "யாரு பக்கம் நீ?"

"மன்னிக்கவும். உங்களைக் குழப்பியிருந்தால் வருந்துகிறேன்" என்றது. தயக்கமே இல்லாமல். நான் ஐந்து மாதமாக ஒரு ஆளிடம் கேட்டுக் கிடைக்காத வார்த்தையை இது கேட்காமலே தருகிறது. அன்றைக்கு மட்டும் ஆறு தடவை மன்னிப்புக் கேட்டது. ஒன்றுகூட நெஞ்சில் ஒட்டவில்லை. கூசாமல் சொல்கிற மன்னிப்பை வாங்கி எங்கே வைப்பது?

ஆண்டிச்சாமி பெயரில் தெருவே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மனு உங்கள் கையில் இருக்கிறதே, அதைக் கொஞ்சம் பிரியுங்கள். முதல் வரி மட்டும் படியுங்கள். 'மிகுந்த மனவேதனையுடன்' என்று இருக்கிறதா? பார்த்தீர்களா. ஆண்டிச்சாமிக்கு மனவேதனை என்ற வார்த்தையே தெரியாது சார். அவருக்குத் தெரிந்த வேதனை வயிற்றுவலி ஒன்றுதான். என் மேல் மனு கொடுத்தது ஆண்டிச்சாமி இல்லை. டீச்சரம்மா. அதனால் இரண்டாவதாக எனக்குக் கெடுதல் செய்தது அது. விலாசம் தெரியாது. அந்த இடத்தைக் காலியாக விட்டுவிடுங்கள்.

தெரிந்த பிறகாவது வால்வைத் திறந்திருக்கலாமே என்கிறீர்கள். திறந்திருக்கலாம். ஆனால் அதற்குள் தெரு முழுக்க என்னை ஏச ஆரம்பித்துவிட்டது. ஏசின பிறகு திறந்தால் பயந்து திறந்தேன் என்று ஆகும்.

தை பத்தாம் தேதி அதே சமுதாயக்கூடத்தில் கல்யாணம். வியாழக்கிழமை, ஏழரையிலிருந்து ஒன்பது முகூர்த்தம். பவளம் முதல் நாளே மாமன் சீர்த் தட்டுகளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பட்டுப்புடவை, மாலை, பழம் எல்லாம் போய்விட்டது. நான் மட்டும் காலை ஆறு மணிக்கு இங்கே வந்து உட்கார்ந்துவிட்டேன். பட்டு வேட்டிதான் கட்டியிருந்தேன். மற்ற வேட்டியெல்லாம் துவைக்கப் போட்டிருந்தது, அதனால்.

ஏழு மணிக்கு ஆண்டிச்சாமி வண்டியில் வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. ஒரு கையில் தாம்பாளம். வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், எல்லாம் இருந்தது. ஒற்றைக் கையால் வண்டி ஓட்டிவந்ததில் பாக்கு பாதி வழியில் கொட்டியிருந்தது. பின்னால் வேறு வண்டிகளில் அவருடைய தம்பி, சமையல்காரர், இன்னும் இரண்டு பேர். எண்ணிப் பார்த்தேன். நாலு பேர் சரியாக இருந்தது.

"என்ன மச்சான்," என்றார்.

"என்ன மாப்ளே," என்றேன்.

நின்றார். நானும் எழுந்து நின்றேன். அவர் வாய் திறந்தது, மூடியது. மறுபடி திறந்தது. இதற்குத்தான் காத்திருந்தேன் சார். ஐந்து மாதம்.

"சாம்பாருக்குத் தண்ணி இல்ல," என்றார்.

"அப்புறம்?"

"முகம் கழுவவும் இல்ல. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பாட்டில் தண்ணியில கால் கழுவுறாங்க."

"வேற?"

தாம்பாளத்தைத் தம்பியிடம் கொடுத்துவிட்டுச் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். கண்ணாடி போட்டுக்கொண்டு, "மதிப்பிற்குரிய" என்று ஆரம்பித்தார்.

"போனை உள்ள வை. வாயால சொல்லு."

உள்ளே வைத்தார். மறுபடி நின்றார். கழுத்தில் நரம்பு புடைத்தது. சந்தையில் நாற்பது ஆட்டுக்கு விலை பேசுகிற வாய் அது. ஒரு வார்த்தை வரவில்லை. கண் சிவந்துவிட்டது. சமையல்காரர்தான் பொறுக்காமல், "பெரியவரே, ரெண்டு பேரும் அப்புறம் நின்னுக்கங்க, எனக்கு இப்ப அரிசி ஊறணும்" என்றார்.

கூடத்திலிருந்து மேளச் சத்தம் கேட்டது. அந்தப் பிள்ளை தனியாக நடந்து வருவேன் என்று சொன்னதைச் செய்யக்கூடியது. சின்ன வயசிலேயே அப்படி. என் தங்கச்சி பெற்றது அப்படித்தான் இருக்கும், எங்கள் ரத்தம்.

நான் வால்வைத் திறந்தேன். ஆண்டிச்சாமிக்காக இல்லை. அரிசிக்காக. பிறகு அவர் வண்டியின் பின்னால் உட்கார்ந்து போனேன். நடந்து போனால் முகூர்த்தம் தாண்டிவிடும் என்பதால் உட்கார்ந்தேன். வழியில் ஒரு பள்ளத்தில் வண்டி தூக்கிப்போட்டபோது அவர் இடுப்பைப் பிடிக்க வேண்டியதாயிற்று. அது பள்ளத்தால்.

நாகஜோதி கையைப் பிடித்து மேடைக்குக் கூட்டிவந்தேன். கை சில்லென்று இருந்தது. "முகத்தை ஏன் மாமா இப்படி வச்சிருக்கீங்க, போட்டோ எடுக்குறாங்க" என்றது. அன்றைக்கு எடுத்த போட்டோவில் இருப்பது நான்தான். பத்து விரல்.

அதனால் கணக்கு நேராகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். பந்தியில் உட்கார்ந்தேன். ஆண்டிச்சாமி வாளியைத் தூக்கிக்கொண்டு அவரே வந்தார். பெண்ணைப் பெற்றவர், அவருக்கு ஆயிரம் வேலை, ஆனால் என் இலைக்கு அவரே சாம்பார் ஊற்றினார். இரண்டு அப்பளம் வைத்தார். "போதுமா மச்சான்" என்றார். கொஞ்ச நேரத்தில் மறுபடி வந்து, "இன்னுங்கொஞ்சம் பாயசம் மச்சான்" என்றார். மூன்றாவது தடவை வந்து ஒன்றும் சொல்லாமல் இலைக்கு எதிரில் நின்றார். நான் எழுந்திருக்கிற வரை நின்றார். கை கழுவ அவரே தண்ணீர் மொண்டு ஊற்றினார். அதெல்லாம் பந்தி விசாரிக்கிறது சார், யாருக்கும் செய்வது. நான் கேட்டது வேறு. தாம்பாளம் வந்தது, நாலு பேர் வந்தார்கள், வார்த்தை வரவில்லை. அப்படியென்றால் முறைப்படி எதுவும் நடக்கவில்லை.

என் விளக்கம் முடிந்தது. எங்கே கையெழுத்துப் போட வேண்டும்?

என்ன, அந்தத் தெருக்காரர்களா? ஆமாம், அவர்களுக்கும் பதினோரு நாள் கஷ்டம்தான். பிள்ளைகள் குளிக்காமல் பள்ளிக்கூடம் போயிருக்கின்றன. நான் இல்லை என்று சொல்லவில்லை. அதற்குத்தான் கல்யாணத்துக்கு மறுநாளே அவர்கள் குரூப்பில் மன்னிப்புக் கடிதம் போட்டுவிட்டேன். நாற்பத்திரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே கடிதம். 'மாண்புமிகு தெருவாசிகளே, என் இதயத்தின் ஆழத்திலிருந்து' என்று ஆரம்பிக்கும். ஆமாம், டீச்சரம்மாதான் எழுதியது. எனக்கு எழுத வராதே சார். நான் படித்துப் பார்க்கவில்லை, ஆனால் நீளமாக இருந்தது. அடியில் மூன்று ரோஜாப்பூ வேறு.

அது செல்லாதாம். நேரில் வந்து, தெருவில் நின்று, வாயால் சொன்னால்தான் மனுவை வாபஸ் வாங்குவார்களாம். என்ன வீம்பு பாருங்கள். எழுத்தில் கொடுத்த பிறகு வாயால் எதற்கு?

நேற்று ஒரு தடவை போகத்தான் செய்தேன், ஒளிக்கவில்லை. தெருமுனை வரை போனேன். நாலைந்து பெண்கள் குழாயடியில் நின்றார்கள். வாயைத் திறந்தேன். "தண்ணி ஒழுங்கா வருதா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன்.

சொல்ல மாட்டேன் என்று நான் சொல்லவில்லை. வரிசைப்படி வரட்டும். ஆண்டிச்சாமி அந்த ஒரு வார்த்தையை என்னிடம் சொல்லட்டும், மறுநாள் காலையில் நாற்பத்திரண்டு வாசலிலும் நின்று நான் சொல்கிறேன். இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். அவர் இன்னும் சொல்லவில்லை.